ஆறு சேனலும் ஆறாகவே போய்ச் சேர

அறுபத்து மூவர் ஊர்வலத்தன்று மயிலாப்பூர் மாட வீதியில் நான்கு மைக் வைத்துப் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். முன்னே நாதஸ்வரமும் தவிலும். பின்னே கூட்டமும் மணியோசையும். கம்ப்யூட்டரில் பொறுமையாக 5.1 ஆக, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஆறு சேனலாகக் கலந்து, பென் டிரைவில் போட்டு, ஹாலில் இருக்கும் ஹோம் தியேட்டரில் செருகுகிறோம். பின்னால் இருக்க வேண்டிய கூட்டம் டிவிக்கு இரு பக்கத்திலிருந்தும் பேசுகிறது. சில பெட்டிகளில் அதுகூட இல்லை, கோப்பையே ஏற்க மாட்டேன் என்று நிற்கும். உடனே மிக்ஸைத் திருத்த உட்காருவோம். அது வீண் வேலை. மிக்ஸ் சரியாகத்தான் இருக்கும். கோப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் ஆறு சேனல் இரண்டாகச் சுருங்கியிருக்கும். எந்த இடம் என்று பிடிப்பதில்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

அதனால் இசைக் கோப்பை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனைக் கோப்பு செய்துகொள்ளுங்கள். தெளிவான குரலில் ‘முன் இடது’, ‘முன் வலது’, ‘நடு’, ‘பின் இடது’, ‘பின் வலது’ என்று ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றும் அதற்குரிய சேனலில் மட்டும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற சேனல்களில் முழு மௌனம். இடையிடையே 2 விநாடி விடுங்கள். ஆறாவதான எல்எஃப்இ சேனலில் குரல் வைத்துப் பயனில்லை. அந்தச் சேனல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசைக்கானது. அங்கே 50 ஹெர்ட்ஸ் சைன் ஓசையை 3 விநாடி வையுங்கள், உச்ச அளவிலிருந்து 20 டெசிபல் இறக்கி. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஹோம் தியேட்டர் பெட்டி) எல்எஃப்இயை 10 டெசிபல் தூக்கித்தான் ஒலிக்கும். முழு அளவில் வைத்தால் சப்வூஃபர் உதறும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். மொத்தம் அரை நிமிடம்கூட வராது.

ஆறு மோனோ தடங்களை ஒரே கோப்பாக்கும்போதே முதல் சறுக்கல் நேர்ந்துவிடலாம். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் தானாக எல்லாவற்றையும் ஸ்டீரியோவாகக் கலந்து தந்துவிடும். ஏற்றுமதி செய்யும்போது தனிப்பயன் சேனல் அமைப்பைத் தேர்ந்து, எண்ணிக்கையை 6 ஆக்கி, எந்தத் தடம் எந்தச் சேனலுக்கு என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டும். பழைய பதிப்புகளில் இந்த வசதியை முதலில் விருப்பத்தேர்வுகளில் போய்த் திறந்துவிட வேண்டும். ரீப்பர் என்ற மென்பொருளில் மாஸ்டர் தடத்தை 6 சேனலாக்கி, ரெண்டர் செய்யும் பெட்டியிலும் 6 என்று மறுபடி சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் கிடைப்பது ஸ்டீரியோதான். கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஜாயின் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்பும் எந்த ஸ்பீக்கருக்கு என்று ஒன்றொன்றாக எழுதிக் கொடுங்கள். தானே அடுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுக்கு முறை என்று ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், 5.1க்கு ஒரே ஒரு வரிசை இல்லை. சுருக்காத வேவ் கோப்பிலும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பிலும் முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ, பின் இடது, பின் வலது. சினிமாக் கலவை வழக்கத்தில் இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, கடைசியில் எல்எஃப்இ. ஏஏசி என்ற சுருக்கிய ஒலி வடிவம் உள்ளுக்குள் நடுவிலிருந்து தொடங்குகிறது. நல்ல மென்பொருள் மாற்றும்போது தானே வரிசையைத் திருத்திவிடும். கையால் அடுக்கும்போதுதான் தவறு நடக்கிறது. சினிமா வரிசையில் அடுக்கிய கோப்பை வேவ் வரிசையாகப் படித்தால் என்ன ஆகும்? ‘நடு’ முன் வலதிலிருந்து கேட்கும். ‘முன் வலது’ நடுவிலிருந்து வரும். ‘பின் இடது’ சப்வூஃபருக்குள் போய் ஏறக்குறைய காணாமலே போகும். ‘பின் வலது’ பின் இடதில் பேசும், 50 ஹெர்ட்ஸ் ஓசை பின் வலதில் உறுமும். குரல் எந்தத் தவறான இடத்திலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் குறித்தாலே வரிசை குழம்பியதா, இரண்டாகச் சுருங்கியதா என்று தெரிந்துவிடும். சோதனைக் கோப்பில் வெறும் பீப் ஓசைக்குப் பதில் பேச்சுக்குரல் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

வேவ் கோப்பின் தலைப்பகுதியில், எந்தெந்த ஸ்பீக்கருக்கான சேனல்கள் உள்ளே இருக்கின்றன என்று சொல்லும் ஓர் எண் உண்டு. 5.1க்கு அது 63 என்றால் பின் ஸ்பீக்கர்கள். 1551 என்றால் பக்க ஸ்பீக்கர்கள். அந்த எண் 0 என்று இருந்தால் பிளேயர் ஊகம் செய்யும். 7.1 ஸ்பீக்கர் வைத்த வீட்டில் 63 என்று குறித்த கோப்பு, சில பிளேயர்களில் முதுகுக்குப் பின்னாலுள்ள ஜோடிக்கு மட்டும் போய், பக்க ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கும். ஃப்ளாக்கில் 6 சேனலுக்கான வரிசை வடிவத்தின் விதியிலேயே எழுதப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மூலக் கோப்பை ஃப்ளாக்கில் வைப்பதே நல்லது.

இனி வழி. ஹோம் தியேட்டரின் முகப்பில் இருக்கும் யுஎஸ்பி துளையை நம்ப வேண்டாம். பெரும்பாலான ரிசீவர்களிலும் சவுண்ட்பார்களிலும் அந்தத் துளை இரண்டு சேனல் பாட்டுக்கானது. 6 சேனல் ஃப்ளாக்கைக் கொடுத்தால் மறுக்கும், அல்லது முன் இரண்டை மட்டும் ஓட்டும். புளூடூத்தில் போனிலிருந்து பாட்டு அனுப்பும் வழியும் இரண்டு சேனல்தான். ஆப்டிகல் கேபிள் பற்றி நிறையப் பேருக்குத் தவறான நம்பிக்கை உண்டு. சுருக்காத ஒலி என்றால் அதில் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. 5.1 போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் என்று நாம் அறிந்த ஏசி3 ஆகவோ, டிடிஎஸ் ஆகவோ சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். ஹெச்டிஎம்ஐ அப்படியல்ல. 2002இல் வந்த முதல் பதிப்பிலேயே சுருக்காத 8 சேனலைத் தாங்கியது. ஆனால் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும் ஆர்க் வழிக்கு இந்தத் தாராளம் கிடையாது. அது ஆப்டிகலைப் போலவே சுருக்காத ஒலியில் இரண்டு சேனலோடு நின்றுவிடும். 2017இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.1இன் இஆர்க்தான் அந்தத் தடையை நீக்கியது. டிவி, ரிசீவர் இரண்டிலும் இஆர்க் இருந்தால்தான் பலன்.

லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக நேரே ரிசீவருக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வழி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேபிளைச் செருகியதும் எதிரே இருக்கும் கருவி, ‘எனக்கு இத்தனை சேனல் தெரியும்’ என்று லேப்டாப்பிடம் சொல்லும். லேப்டாப்பை டிவியில் செருகிவிட்டு டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆர்க் போட்டால், பதில் சொல்வது டிவி. அது பெரும்பாலும் 2 என்றே சொல்லும். விண்டோஸில் 5.1 என்ற தேர்வே கண்ணில் படாது. லேப்டாப்பை ரிசீவரின் உள்வாயில் செருகி, ரிசீவரின் வெளிவாயிலிருந்து டிவிக்குக் கொண்டு போங்கள். அப்படிச் செய்த பிறகும், ரிசீவர் அணைந்த நிலையில் படத்தை மட்டும் டிவிக்குக் கடத்திவிடும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், லேப்டாப் டிவியின் பதிலையே பிடித்துக்கொள்ளும். முதலில் டிவி, அடுத்து ரிசீவர், இரண்டும் எழுந்த பிறகு லேப்டாப் கேபிள். நேற்று வரை 5.1 பாடிய அமைப்பு இன்று ஸ்டீரியோவாக நிற்பதற்குப் பல வீடுகளில் இந்த வரிசை மாறியதே காரணம்.

பிறகு விண்டோஸின் ஒலி அமைப்பில் ஹெச்டிஎம்ஐ சாதனத்தைத் தேர்ந்து, ஸ்பீக்கர் அமைப்பை 5.1 என்று மாற்றி, ஒலி மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மேக்கில் இதே வேலை ஆடியோ மிடி செட்டப் என்ற செயலிக்குள் இருக்கிறது. கோடி (Kodi) என்ற பிளேயரில் சேனல் எண்ணிக்கையை ஹெச்டிஎம்ஐக்கு 5.1 என்று வைக்க வேண்டும். ஆனால் ஆப்டிகல் வழியாகப் போகிறவர்கள் அங்கே 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவை (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதி) திறந்து, டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் தேர்வை இயக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றினாலும் அதுதான் சரி. அந்தக் கேபிளில் சுருக்காமல் போகக்கூடியது இரண்டே சேனல் என்று கோடிக்குத் தெரிந்தால்தான், 6 சேனல் ஃப்ளாக்கை ஓடும்போதே ஏசி3 ஆக்கி அனுப்பும்.

லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போக விருப்பமில்லாத வீடுகளுக்கு வேறு ஒரு வழி. டிவிகள் பாட்டுக் கோப்பை ஒரு மாதிரியும் சினிமாக் கோப்பை வேறு மாதிரியும் நடத்துகின்றன. பாட்டு என்றால் ஸ்டீரியோ. சினிமா என்றால் உள்ளே இருக்கும் டால்பி டிஜிட்டலைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்குத் தள்ளிவிடும். ஆகவே நம் ஒலியை 640 கிலோபிட் ஏசி3 ஆக்கி, கூடவே ஒரு நிலைப்படத்தை வீடியோவாக வைத்து, எம்கேவி உறைக்குள் போட்டுவிடலாம். கோயில் கோபுரப் படம் ஒன்று போதும். டிவிக்கு அது ஒரு சினிமா. டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்பதிலிருந்து பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றிவிட்டால், சாதாரண ஆர்க்கிலும் ஆப்டிகலிலும்கூட ஆறு சேனலும் போய்ச் சேரும். டிடிஎஸ் பக்கம் போக வேண்டாம். பல டிவிகள் அதைக் கைவிட்டுவிட்டன, எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கும் டிடிஎஸ் என்கோடரும் இன்னும் சோதனை நிலை என்ற முத்திரையோடுதான் வருகிறது. ஏசி3இன் அடிப்படைக் காப்புரிமைகள் 2017இல் காலாவதியாகிவிட்டன, அதைப் பெரும்பாலான கருவிகள் புரிந்துகொள்ளும். 640 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 288 எம்பி. காது கூர்மையானவர்களுக்கு ஃப்ளாக்கோடு வித்தியாசம் தெரியலாம்; ஸ்டீரியோவாகச் சுருங்கிய ஃப்ளாக்கைவிட ஆறாகப் பாடும் ஏசி3 எத்தனையோ மேல் என்பதே என் தீர்ப்பு.

என்கோட் செய்யும்போது ஒலியை எவ்வளவு இறக்க வேண்டும் என்று ரிசீவருக்குச் சொல்லும் டயலாக் நார்மலைசேஷன் என்ற எண்ணைக் கவனியுங்கள். அது -31 என்று இருந்தால் ரிசீவர் அளவைத் தொடாது. -27 என்று இருந்தால் எல்லாவற்றையும் 4 டெசிபல் இறக்கிவிடும். ரிசீவரில் இரவு நேர ஒலிக்கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் தவில் அடியின் முனை மழுங்கிப்போகும், அதையும் அணையுங்கள்.

இப்போது சோதனைக் கோப்பை ஓட்டி, காதுக்கு முன் கண்ணை ரிசீவரின் திரைக்குக் கொண்டு போங்கள். மல்டி சேனல் என்றோ டால்பி டிஜிட்டல் என்றோ உள்ளே வரும் வடிவம் காட்ட வேண்டும். காதை மட்டும் நம்பினால் ஏமாற்றம் வரும். உள்ளே வருவது இரண்டே சேனல் என்றாலும், டால்பி சரவுண்ட் போன்ற விரிவாக்கிகள் அதை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பி, ஆறும் பாடுவதுபோல் காட்டும். ‘நடு’ என்ற குரல்கூட ஒழுங்காக நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். மாட்டிக்கொள்வது ‘பின் இடது’. அது முன் இடதிலிருந்து வரும், அல்லது பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஓசை அடியோடு காணாமல் போகவும் வாய்ப்பு அதிகம். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது எல்எஃப்இயைத் தூக்கி எறிவதுதான் பொதுவான வழக்கம்.

சென்னையில் ரிசீவர் இல்லாமலே 5.1 கேட்கும் வீடுகள் நிறைய உண்டு. ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப், பின்னால் ஆறு ஆர்சிஏ துளை, முகப்பில் யுஎஸ்பியும் புளூடூத்தும் சேர்ந்த பேனல். அந்தப் பேனலிலிருந்து வெளியே வருவது ஸ்டீரியோ. அதை உள்ளே ஒரு சரவுண்ட் போர்டு ஆறாகப் பங்கிடுகிறது. நம் கோப்பு உண்மையில் ஆறாகப் போக வேண்டுமென்றால் பின்னாலுள்ள ஆறு துளைக்கே போக வேண்டும். இரண்டு வழி. ஒன்று, ஆப்டிகலில் ஏசி3 வாங்கி ஆறு ஆர்சிஏவாகப் பிரிக்கும் டிகோடர் பெட்டி. மற்றொன்று, 6 சேனல் யுஎஸ்பி சவுண்ட் கார்டு: பச்சைத் துளை முன் ஜோடி, கறுப்பு பின் ஜோடி, ஆரஞ்சு நடுவும் சப்பும். மூன்று 3.5 மி.மீ. ஸ்டீரியோ முனையிலிருந்து இரண்டிரண்டு ஆர்சிஏ பிரியும் கேபிள்கள் வேண்டும். ஆரஞ்சில் நடுவும் சப்பும் இடம் மாறி வரும் கார்டுகள் உண்டு. ‘நடு’ என்ற குரல் சப்பிலிருந்து முனகினால் அந்த இரண்டு முனையையும் மாற்றிச் செருகுங்கள், முடிந்தது. லேப்டாப் சார்ஜரைப் போட்டதும் ‘ங்ங்ங்’ என்று உறுமல் கிளம்பினால் அது எர்த் சுழற்சி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். நிரந்தரத் தீர்வு ஆப்டிகல் டிகோடர்தான், அதில் லேப்டாப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவே செம்புத் தொடர்பே இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று ஆர்சிஏ முனைகளைக் கறுக்க வைக்கும். ஒரு சேனல் கரகரத்தால் கோப்பைச் சந்தேகிக்கும் முன் முனையைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

அசெம்பிள் ஆம்ப்புக்கும் கம்பெனி ரிசீவருக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு, மிக்ஸ் செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டியது. ரிசீவரில் ஸ்பீக்கர்களைச் சிறியவை என்று சொல்லி 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால், ஐந்து சேனலின் தாழ்ந்த ஓசையும் தானே சப்புக்குப் போகும். ஆகவே கச்சேரிப் பதிவில் எல்எஃப்இ முழுக்கக் காலியாக இருந்தாலும் குறையில்லை. தவிலின் தொப்பியும் கடத்தின் கும்மென்ற ஒலியும் முன் சேனல்களிலேயே இருக்கட்டும். அதையே எல்எஃப்இயிலும் நகல் எடுத்துப் போட்டால் சப்பில் இரண்டு முறை கூடி வீங்கும். அசெம்பிள் ஆம்ப்பில் இந்தத் திருப்பிவிடும் வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. எல்எஃப்இ காலி என்றால் சப் வாயே திறக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தனியாக ஒரு பிரதி எடுங்கள். அதில் முன் இரண்டையும் கூட்டி, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, எல்எஃப்இயில் வைக்கலாம். ஒரே கோப்பு இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது.

நடுச் சேனலிலும் இதே அடக்கம் வேண்டும். இடதையும் வலதையும் கூட்டி நடுவில் போட்டால் மேடையின் அகலம் சுருங்கி, எல்லாரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பாடுவதுபோல ஆகும். பாடகருக்குத் தனி மைக் இருந்தால் அதை மட்டும் நடுவில் வையுங்கள். இல்லையென்றால் மௌனமாக விடுங்கள். நான்கு சேனல் மட்டும் கொண்ட கோப்பாகச் செய்ய வேண்டாம். பல பிளேயர்கள் அதைத் தவறாகப் படிக்கின்றன. மௌனச் சேனல் ஃப்ளாக்கில் கிட்டத்தட்ட இடமே எடுக்காது.

முன்னால் ஒரு ரெக்கார்டர், பின்னால் ஒரு ரெக்கார்டர் என்று இரண்டு தனிக் கருவியில் பதிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகும். இரண்டரை மணி நேரக் கச்சேரியின் மங்களத்தில் 180 மில்லிவிநாடி. ஆரம்பத்தில் கச்சிதமாகப் பொருந்தியது, தனியாவர்த்தனம் வரும்போது பின்னாலிருந்து எதிரொலிபோல இரட்டையடி அடிக்கும். இதற்கு, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு ரெக்கார்டருக்கும் சரிபாதித் தொலைவில் நின்று ஒரு கைதட்டல் பதிவு செய்ய வேண்டும். முதல் தட்டலைச் சேர்த்து வைத்து, கடைசித் தட்டல் பொருந்தும்வரை ஒரு கோப்பைச் சுருதி மாறாமல் நீட்டவோ சுருக்கவோ வேண்டும். பாதித் தொலைவு என்பது முக்கியம். பின் மைக் 10 மீட்டர் தள்ளி இருந்தால் மேடையின் ஓசை அங்கே போக ஏறக்குறைய 29 மில்லிவிநாடி ஆகும். அந்தத் தாமதத்தில்தான் மண்டபத்தின் ஆழம் இருக்கிறது. மேடை அருகில் தட்டிப் பொருத்தினால் அந்த ஆழத்தை நாமே அழித்துவிடுவோம். சபாவில் பதிவு செய்ய அனுமதி கேட்டே செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 10க்கு 14 அடி ஹாலில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். கேட்பவரிடமிருந்து முன் ஜோடி 30 பாகை, பின் ஜோடி 100 முதல் 120 பாகை என்பது ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை. சுவர் தடுத்தால் பின் ஜோடியைப் பக்கச் சுவரில் காதுக்கு நேர் பக்கத்தில், இரண்டு அடி உயர்த்தி மாட்டலாம். சோபாவை ஓரடி முன்னே இழுத்தாலே தாழ்ந்த ஓசையின் வீக்கம் குறையும். ரிசீவரின் மைக்கை வைத்துத் தானியங்கி அளவீடு செய்யும்போது ஃபேனையும் ஏசியையும் அணைத்து, தெருவில் வண்டிச் சத்தம் தொடங்கும் முன் விடியற்காலையில் செய்யுங்கள். அளவீடு முடிந்ததும் அது ஸ்பீக்கர்களைப் பெரியவை என்று குறித்திருந்தால் சிறியவை என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. 6 சேனல், 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 52 எம்பி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது, அதாவது சுமார் 82 நிமிடம். அதற்கு மேல் போனால் சில மென்பொருள் எச்சரிக்காமலே பின்பகுதியைப் படிக்க முடியாதபடி எழுதிவிடும். ஃபேட்32 பென் டிரைவுக்கும் அதே எல்லைதான். நீண்ட பதிவை எக்ஸ்ஃபேட் டிரைவில் ஃப்ளாக்காக வையுங்கள். அதன் பக்கத்திலேயே டிவிக்கான ஏசி3 எம்கேவி ஒன்று, ஆறு தனி மோனோ கோப்புகள், அவற்றின் பெயரிலேயே எந்த ஸ்பீக்கர் என்ற குறிப்பு, அந்தச் சோதனைக் கோப்பு.